நல்ல காலையும் காக்க வேண்டும்

வண்டில் மாடொன்றின் கால் முறிந்தால் மட்டை வைத்துக் கட்டி, நிழலில் படுக்கவிட்டு, தீனும் தண்ணீரும் முன்னால் கொண்டுபோய் வைப்பது எமது கிராமங்களில் பலர் அறிந்த வைத்தியம். எல்லா மாடும் தேறுவதில்லை, சில தேறுகின்றன. மாடு நெடுநேரம் படுத்துக்கிடந்து அசைபோடும் பிராணி. மூன்று காலிலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். குதிரையின் சங்கதி வேறு.

நெடுந்தீவில் மேயும் குதிரைகளையும், நுவரெலியாவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளையும் விட்டால் எமது வாசகர்கள் குதிரையைக் காண்பது அரிது. ஆயினும் மூட்டில் சத்திரசிகிச்சை செய்த குதிரையைத் தேற்றுவதில் மிருக வைத்தியர்கள் கற்றுக்கொண்டவை, நோயுற்ற எந்த மிருகத்தையும் பராமரிப்பவர் அறியவேண்டியவை.

ஒரு பந்தயக் குதிரை 450 முதல் 500 கிலோகிராம் வரை நிறையுள்ளது. அத்தனை பாரமும் மெல்லிய நாலு கால்களில். முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, நரம்பு, தோல், அவ்வளவுதான். குதிரை நின்றபடியே உறங்கும். நாளில் சொற்ப நேரமே படுக்கும். நாட்கணக்கில் படுக்கவைத்தால் அதன் பாரமே அதன் தசைகளையும் நுரையீரலையும் கெடுத்துவிடும். ஆகவே, வெட்டித் தைத்த காலோடு அன்றைக்கே அது எழுந்து நிற்க வேண்டும்.

அந்த எழுந்திருத்தலே முதற் கண்டம். 1975 யூலை 6ஆம் திகதி நியூயோர்க்கின் பெல்மன்ற் பார்க் திடலில், அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்றிருந்த றஃபியன் என்ற பெண்குதிரையின் முன்னங்கால் முறிந்தது. அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிகையில் அது படுத்தபடியே இன்னும் பந்தயத்தில் ஓடுவதுபோலக் கால்களை உதறியது. கட்டு உடைந்தது, சீர்செய்த காலும் சிதைந்தது. மறுநாள் விடியுமுன் அதைக் கருணைக்கொலை செய்தனர். பயந்த பிராணி கண் விழித்ததும் ஓடத்தான் பார்க்கும். அதனிடம் குற்றம் காண முடியுமா?

இப்போது சில பெரிய மிருக வைத்தியசாலைகளில் மயக்கத்திலிருக்கும் குதிரையை மிதவையில் இட்டு வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். நீருக்குள் எவ்வளவு உதறினாலும் கால் எதிலும் மோதாது. நன்றாகத் தெளிந்தபின் தூக்கி நிறுத்துவார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்ற்றன் நிலையத்தில் பாபாரோ என்ற குதிரையை 2006இல் எழுப்பியது இவ்விதமே.

பாபாரோ அவ்வாண்டு மே 6இல் கென்ரக்கி டேர்பியை வென்ற குதிரை. இரண்டு வாரங்கள் கழித்து, மே 20இல், அடுத்த பெரும் பந்தயம் தொடங்கிய சில வினாடிகளிலேயே வலது பின்னங்காலின் கணு நொருங்கிப்போனது; எலும்பு 20க்கும் மேற்பட்ட துண்டுகள். மறுநாள் டொக்டர் டீன் றிச்சர்ட்சனின் குழு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் உழைத்து, உலோகத் தகடும் 27 திருகாணிகளும் கொண்டு, அசையும் மூட்டுகளை அசையாதபடி ஒன்றாக இணைத்தது. குதிரை எழுந்தது, நின்றது, உண்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. யூலையில் சத்திரசிகிச்சை செய்த காலில் கிருமி பற்றியது. அதைவிடப் பெரிய கேடு, காயமே படாத இடது பின்னங்காலில் வந்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். குதிரையின் குளம்பும் உள்ளிருக்கும் எலும்பும், நகமும் சதையும்போல, மெல்லிய இழைய மடிப்புகளால் ஒட்டியிருக்கின்றன. கால் மாறி மாறி மிதிப்பதால்தான் அங்கே இரத்தம் ஒழுங்காக ஓடுகிறது. நோகும் காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலிலேயே பாரம் முழுவதையும் போட்டால், அந்த மடிப்புகள் இரத்தமின்றிச் செத்துக் கழன்றுவிடும். எலும்பு குளம்புக்குள்ளே இறங்கும். அந்த நோவு சொல்லத் தரமன்று. பாபாரோவின் இடது குளம்பின் சுவரில் 80 வீதத்தை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது. இலையுதிர்காலத்தில் சற்றுத் தேறி வெளியே புல் மேய்ந்தது. பின்னர் முன்னங்கால்களுக்கும் அதே நோய் பரவ, 2007 சனவரி 29இல் அதன் உயிரை முடித்தார்கள். எட்டு மாதமும் சில நாட்களும் காத்தார்கள். நோவைத் தணிக்க வழியில்லாதபோது நிறுத்தினார்கள். இரண்டுமே சரியென்பது எமது எண்ணம்.

எல்லா மூட்டுச் சத்திரசிகிச்சையும் இத்தனை கடுமையானதல்ல. மூட்டுக்குள் உதிர்ந்த எலும்புச் சில்லைச் சிறு துளையினூடாகக் குழாய்க் கருவி செலுத்தி எடுப்பதே பெரும்பாலும் நடப்பது. அதன்பின் குதிரை லாயத்துக்குத் திரும்பிவிடும். வைத்தியரின் வேலை ஒரு பொழுது; மிச்சம் அதைப் பராமரிப்பவரின் கையில், இரண்டு முதல் நான்கு மாதம் வரை.

முதலில் படுக்கை. வைக்கோலையோ மரத்தூளையோ கனமாகப் பரப்பினால் குதிரை துணிந்து படுத்து எழும்பும், கால்களும் ஆறும். கட்டை இழுத்துக் கட்டினால் நரம்பு கெடும், தளர்ந்தால் சுருண்டு வெட்டும். பஞ்சுப் படையைத் தடிப்பாகச் சுற்றி அதன்மேல் ஒரே சீராகக் கட்ட வேண்டும். எதிர்க் காலுக்கும் தாங்குகட்டுப் போடுவார்கள். கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி மெல்லத் தட்டும். அது பலத்துத் துடித்து, குளம்பும் சுட்டால் வைத்தியருக்கு உடனே ஆளனுப்ப வேண்டும். நேற்று ஊன்றிய காலை இன்று ஊன்ற மறுத்தாலும், மூட்டு வீங்கிச் சுட்டாலும், காய்ச்சல் 38.5 பாகை செல்சியசைத் தாண்டினாலும் அப்படியே. மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டால் மணித்தியாலக் கணக்குத்தான். நாளைக்குப் பார்ப்போம் என்பதற்கு அங்கே இடமில்லை.

வயிற்றையும் மறக்கக்கூடாது. மயக்க மருந்து குடலை மந்தமாக்கும். அடைபட்டு நிற்பதும் அப்படியே. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தானியத்தைக் குறைத்து, நல்ல உலர்ந்த புல்லைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்து, இலத்தி எத்தனை தடவை விழுந்ததென்று எண்ணிக்கொள்ள வேண்டும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். நோவு மாத்திரையை இரக்கப்பட்டு அளவுக்கு மேல் கொடுத்தால் இரைப்பை புண்ணாகும். நோவே தெரியாத குதிரை காலைப் பேணாமல் குதிக்கவும் செய்யும்.

தையல் 10 முதல் 14 நாளில் வெட்டப்படும். அதன்பின் வைத்தியர் சொன்னால் கயிற்றில் பிடித்து நடத்தலாம். முதலில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட. குதிரை தனித்திருக்க மாட்டாத பிராணி. இன்னொரு குதிரை கண்ணுக்குத் தெரியும்படி கட்டினால், அதுவுமில்லாவிட்டால் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டால், அடைபட்ட மாதங்களில் அமைதியாக இருக்கும்.

முதல்முறை அவிழ்த்துவிடும் நாள் மிகுந்த கவனத்துக்குரியது. மாதக்கணக்கில் கட்டிக்கிடந்தது துள்ளி ஓடத்தான் நினைக்கும். ஆகவே பெருந்திடலில் விடாமல், சிறு வேலிக்குள், வழுக்காத தரையில், காற்றடிக்காத நேரம் பார்த்து விடுகிறார்கள். தேவையானால் வைத்தியர் மெல்லிய அமைதி மருந்தும் கொடுப்பார். அனுபவசாலிகள் அன்று காலைத் தீனைச் சற்றுப் பிந்தப் போட்டு, புல் நல்லாய் வளர்ந்த மூலையில் கொண்டுபோய்க் கயிற்றைக் கழற்றுவார்கள். பசியுள்ள குதிரை தலையைக் குனிந்துகொள்ளும்.