தேயிலையிலிருந்து காம்பும் நாரும் பிரித்தல்

இரத்தினபுரியில் மணிக்கல் அகழ்வோர், கூழாங்கற் படையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அரிப்பர். இலேசான மணல் வெளியேற, நீலக்கல் அடியில் தங்கும். நீலக்கல் நீரைவிட 4 மடங்கு கனமானது. வெண்மணலோ ஏறக்குறைய 2.65 மடங்கே கனமானது. அயலிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே முறையே வேறு வடிவிற் கையாளப்படுகின்றது.

உலர்த்தியிலிருந்து வெளிவரும் தேயிலை ஒரு கலவையாகும். அதில் இலைத்துணுக்கு, காம்பு, நார், தூள் ஆகியன கலந்திருக்கும். அவை நான்கு வழிகளிற் பிரிக்கப்படுகின்றன.

முதலாவது, நிலைமின். கம்பளித் துணியில் உராயும் பிளாஸ்டிக் உருளைகள் மின்னேற்றம் பெற்று, காம்பையும் நாரையும் கவர்ந்திழுக்கும்; இலைத்துணுக்கு கீழே தங்கிவிடும்.

இரண்டாவது, பருமன். வெவ்வேறு கண்ணளவுடைய சல்லடைகள் பெரிய இலையையும் சிறிய இலையையும் தூளையும் வேறாக்கும்.

மூன்றாவது, கனம். நெல்லைத் தூற்றுவதுபோலக் காற்றைச் செலுத்தினால், கனமான துணுக்கு அருகிலும் இலேசான சருகு தொலைவிலும் விழும்.

நான்காவது, காந்தம். இயந்திரங்களிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்களை இது அகற்றும்.

இவ்வேலையிற் காலதாமதம் கூடாது. உலர்ந்த தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே உண்டு. இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,500 மில்லி மீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஈரக்காற்றிற் கிடக்கும் தேயிலை ஈரத்தை உறிஞ்சும். அப்போது மின்னேற்றம் கசிந்துபோவதால் உருளைகள் நாரைக் கவரா. ஆகவே, உலர்த்தியவுடனேயே நாரை அகற்றுதல் நன்று.

அளவுக்கு மிஞ்சிச் சலிப்பதும் தீதே. துணுக்குகள் ஒன்றோடொன்று உராய்வதால் கருமை மங்கிச் சாம்பல் நிறம் தோன்றும். கொழும்பு ஏலத்தில் விலை குறையும். சிறுதோட்டக்காரருக்குரிய பச்சைக் கொழுந்தின் விலை, தொழிற்சாலையின் ஏல விலையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. எனவே சலிக்கும் அறையில் நேரும் தவறு, கொழுந்து கொடுத்தவரின் வருவாயையும் பாதிக்கும்.

கறுப்புத் தேயிலைக்குரிய சர்வதேச நியமத்தின்படி, நார்ப்பொருள் 16.5 சதவீதத்தை மிஞ்சலாகாது. முற்றிய இலையும் தடித்த காம்பும் இவ்வளவை உயர்த்தும். இயந்திரம் எவ்வளவு திறமையானதாயினும், முதற் பிரிப்பு மலையிலேயே நிகழவேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்து, முற்றிய இலையைக் கூடையிற் சேராது விடுவதே சிறந்தது. சேராத காம்பைப் பிரிக்கவேண்டிய தேவையில்லை.