பேசி வாங்கிய கூலி, அறிவிப்பில் வரும் கூலி

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இன்று மந்திரி ஸ்கொயர் மால் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் ராஜா மில் இருந்தது. பின்னிப்பேட்டைக்குப் பெயர் கொடுத்த பின்னி மில் 1884-ல் தொடங்கியது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஸ்ரீராமபுரம் போன்ற தமிழர் பேட்டைகளில் மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சமையல் நடந்த வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து இன்றும் காலையில் ஆட்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் சட்டை தைக்கிறார்கள், மால்களில் தரை துடைக்கிறார்கள், அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். வேலை மாறியது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கூலியை யார், எங்கே முடிவு செய்கிறார்கள் என்பதும் மாறிவிட்டது. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அன்று பெங்களூரில் 'நல்ல வேலை' என்றால் அது தொழிற்சாலை வேலை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்று பொதுத்துறை ஆலைகள் நகரத்தைச் சுற்றி வளைத்திருந்தன. குவார்ட்டர்ஸ், கேன்டீன், கம்பெனி பஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும். பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம். 1980 டிசம்பர் கடைசியில் இந்த ஆலைகளின் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். இன்னொரு பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல். தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. 77 நாள் நீடித்த அந்தப் போராட்டம் முழு வெற்றியில் முடியவில்லை. ஆனால் அதன் கோரிக்கையைக் கவனியுங்கள். பக்கத்து ஆலைக்காரன் வாங்குவதைக் கேட்டார்களே தவிர, குறைந்தபட்ச ஊதியம் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. சங்கம் வைத்துப் பேரம் பேச வலுவில்லாத பீடி சுற்றுகிறவர், விவசாயக் கூலி, அரிசி ஆலைத் தொழிலாளி போன்றவர்களுக்காக வந்த சட்டம் அது. அதன்படி அட்டவணையில் பெயர் இருந்த தொழில்களுக்கு மாநில அரசு ஒரு தொகையை நிர்ணயித்தது. அதற்குக் கீழே யாரும் கொடுக்கக்கூடாது. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று சட்டம் சொல்லவில்லை. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடுதான் அதற்கு வழி சொன்னது. தொழிலாளி ஒரு பங்கு, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6, ஆக மூன்று பங்கு. பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். 1991-ல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுப்பது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய வேலைக்குச் சமம் என்று 1982-லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. கொடுக்க முடியாத முதலாளிக்குத் தொழில் நடத்தும் உரிமையே இல்லை என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

ஆக ஏட்டில் எல்லாம் இருந்தது. பெங்களூரின் ஆலைத் தொழிலாளிக்கு அது தேவைப்படவில்லை. அவருக்கு அது தரை. அவர் நின்றது அதற்கு மேலே மாடியில்.

மில்கள் மூடின, பொதுத்துறை ஆட்களைக் குறைத்தது, எச்.எம்.டி. கடிகாரம் 2016-ல் நின்றே போனது. அந்த இடத்தை ஏற்றுமதி ஆடைத் தொழில் பிடித்தது. 2005-ல் உலக ஆடை வர்த்தகத்தின் கோட்டா முறை முடிந்தபின் ஓசூர் சாலையிலும் மைசூர் சாலையிலும் பீன்யாவிலும் ஆலைகள் பெருகின. இன்று கர்நாடகத்தில் நாலு லட்சத்துக்கும் அதிகமான ஆடைத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் பெண்கள். ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் கை பொருத்துவாள், அதற்கடுத்தவள் பட்டன் துளை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். அது எட்டவில்லையென்றால் சூப்பர்வைசரின் வசவு. இவர்களில் சங்கத்தில் இருப்பவர்கள் மிகச் சிலர். சம்பள ஒப்பந்தம் போட்ட ஆலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசு அறிவிக்கும் குறைந்தபட்சத் தொகையே இவர்கள் முழுச் சம்பளம். பத்து வருடம் தைத்தவருக்கும் நேற்று சேர்ந்த டெய்லருக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

சம்பளச் சீட்டு ஒன்றைப் படித்துப் பார்க்கலாம். கணக்குக்கு வசதியாக நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025-ல் நடப்பில் இருந்த தொகையும் இதை ஒட்டியதுதான். மாதத்துக்கு 26 நாள் என்பதால் 13,000. இதில் பி.எஃப். 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 98. கைக்கு வருவது 11,342. பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை வாடகைக்கே ஐந்தாறு ஆயிரம் போய்விடும். மிச்சத்தில் அரிசி, கேஸ், பள்ளிக் கட்டணம், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மருந்து. 1957-ன் கணக்கில் சம்பாதிப்பவர் ஆண், மனைவி 0.8 பங்கு. இன்று மெஷின் முன் உட்கார்ந்திருப்பதே அந்த மனைவிதான். பல வீடுகளில் அவர் ஒருவர் சம்பாத்தியத்தில்தான் குடும்பமே ஓடுகிறது.

சீட்டில் 'பேசிக்' என்ற வரிக்குக் கீழே 'வி.டி.ஏ.' என்று ஒரு வரி இருக்கும். மாறும் அகவிலைப்படி. விலைவாசிக் குறியீடு எத்தனை புள்ளி ஏறியதோ, புள்ளிக்கு இத்தனை காசு என்று பெருக்கி, ஒவ்வொரு ஏப்ரலிலும் அரசு கூட்டும். இது சம்பள உயர்வு அல்ல. போன வருடம் வாங்கிய அரிசியை இந்த வருடமும் வாங்க முடிவதற்கான ஏற்பாடு, அவ்வளவே. அதற்கும் 2020-ல் ஆபத்து வந்தது. அந்த ஏப்ரலில் கூட வேண்டியது மாதம் சுமார் 417 ரூபாய். நாளுக்கு 16 ரூபாய். கொரோனாவைக் காரணம் காட்டி மாநில அரசு அதை ஓராண்டு தள்ளிவைத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகும் பெரும்பாலான ஆலைகள் கொடுக்கவில்லை. நாலு லட்சம் பேருக்கு மாதம் 417 ரூபாய் என்று ஒன்றரை வருடத்துக்கும் மேல் சேர்ந்தால் எவ்வளவு ஆகும்? ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு 2021 டிசம்பரில் போட்ட கணக்கு 4 கோடி பவுண்டுக்கும் மேல். சட்டை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அது செய்தியாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான், 2022 தொடக்கத்திலிருந்து பாக்கி வரத் தொடங்கியது. அன்று ஆலை வாசலில் சங்கம் போட்ட அழுத்தத்தை இன்று கடல் கடந்த வாடிக்கையாளரின் பெயர் கெடும் பயம் போட வேண்டியிருந்தது.

இந்தப் பெண்கள் வாய் பேசாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2016 ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பி.எஃப்.-ல் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. எந்தப் பெரிய சங்கமும் அழைக்காமலே ஆயிரக்கணக்கான பெண்கள் மெஷினை விட்டு எழுந்து நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். மறுநாள் பீன்யா பக்கமும் பரவியது. தடியடி, கண்ணீர்ப் புகை, எரிந்த வண்டிகள். அன்றே விதி திரும்பப் பெறப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: ஓய்வுக்காலப் பணத்துக்கா இவ்வளவு கோபம்? மாதச் சம்பளத்தில் மிச்சமே இல்லாதபோது பி.எஃப். ஒன்றுதான் சேமிப்பு. சில வருடம் வேலை செய்து, விலகி, அந்தப் பணத்தை எடுத்துத்தான் கடனை அடைப்பார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்வார்கள். பிறகு வேறு ஆலையில் சேர்வார்கள். சம்பளம் போதாத இடத்தில் பி.எஃப். சம்பளமாகிவிடுகிறது.

சம்பளத்தில் உள்ள இந்தப் பள்ளத்தை அரசும் ஒரு வகையில் நிரப்புகிறது. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. கிருஹ லட்சுமியில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். வாங்குகிறவருக்கு இவை பெரிய ஆறுதல். ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், முதலாளி கொடுக்காத ஒரு பகுதியை வரி கட்டுகிறவர் கொடுக்கிறார்.

பேரம் இந்த நகரத்தை விட்டு ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. பெங்களூரின் பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுத் தொழிலாளர்கள், பல காலம் ஒப்பந்தக்காரரின் கையிலிருந்து கூலி வாங்கினார்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம் என்பதில் அவர் வைத்ததே சட்டம். போராடி, 2017-ல் மாநகராட்சியே நேராக வங்கிக் கணக்கில் சம்பளம் போடும்படி செய்தார்கள். 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்து பணி நிரந்தரம் கேட்டார்கள். 2025 மே 1 அன்று 12,692 பேருக்கு நியமன ஆணை வழங்கப்பட்டது. குறைந்தபட்சத் தொகையோடு நின்றுவிடாமல் அதைத் தாண்டி ஏறியவர்கள் இவர்கள். அதே தெருவைக் காவல் காக்கும் செக்யூரிட்டிக்கு அந்த வழி திறக்கவில்லை. அவருடைய முதலாளி யார் என்பதே ஏஜென்சிக்கும் அபார்ட்மென்ட் சங்கத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2025 ஏப்ரலில் கர்நாடகத் தொழிலாளர் துறை ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. 1957, 1991 கணக்குகளைப் பின்பற்றி, 81 தொழில்களுக்கும் ஒரே அளவுகோல். பெங்களூரில் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு மாதம் 23,376 ரூபாய்; தேர்ச்சி பெற்ற வேலைக்கு 28,285. மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிய ஊர்களில் தொடக்கம் 19,319. அன்றைய தொகைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். ஆலை உரிமையாளர் அமைப்புகள் உடனே எதிர்த்தன. தொழில் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்றன.

அந்தப் பயம் முழுக்கப் பொய்யல்ல. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அங்கே கணக்கு தமிழ்நாட்டு அரசுடையது. ஆடைத் தொழிலுக்கு 2014-ல் தமிழ்நாடு உயர்த்திய தொகையை ஆலைகள் எதிர்த்து வழக்காடின; 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதனால் தமிழ்நாட்டு ஆடைத் தொழில் முடங்கிவிடவில்லை. பெங்களூரிலிருந்து மண்டியா, துமகூரு பக்கம் ஆலைகள் நகர்வதற்கும் ஊருக்கு ஒரு தொகை என்ற மண்டல முறை ஒரு காரணம். கூலி உயர்ந்தால் வேலை போய்விடுமா? 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05-க்கு உயர்த்தியபோது, பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உணவகங்களில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. ஆனால் நியூ ஜெர்சி பர்கரை நியூ ஜெர்சியில்தான் விற்க முடியும். பெங்களூரில் தைத்த சட்டைக்கு வங்கதேசமும் வியட்நாமும் போட்டி. அதனால் எத்தனை உயர்த்துவது என்பதைப் போலவே, எல்லா மாநிலங்களும் சேர்ந்து உயர்த்துகின்றனவா என்பதும் முக்கியமாகிறது. 1948 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மத்திய அரசு அடிமட்டத் தொகை ஒன்றை நிர்ணயிக்க வேண்டும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக்கூடாது என்கிறது. அட்டவணையில் இல்லாத தொழில் என்று தப்பிக்கும் வழியையும் அடைக்கிறது. அடிமட்டமே அடிமட்டமாக வைக்கப்பட்டால் அதனால் பயனில்லை என்பதும் உண்மை.

இத்தனைக்கும் அப்பால் நிற்பவர் டெலிவரி பையன். அவர் 'பார்ட்னர்', தொழிலாளி என்று கணக்கில் வரமாட்டார். கர்நாடகம் 2025-ல் இயற்றிய சட்டம் அவருடைய ஒவ்வொரு ஆர்டருக்கும் கம்பெனி ஒரு தொகையை நல நிதியில் சேர்க்க வேண்டும் என்கிறது. விபத்து, மருத்துவம் போன்றவற்றுக்கு அது உதவும். மணிக்கு இவ்வளவாவது கொடு என்று சொல்ல அவருக்கு இன்னும் தொகை கிடையாது. மில் காலத்துக்கும் முந்தைய பீஸ் ரேட்டில் இருக்கிறார்.

மில் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. அன்று ஆலைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெளியே ஊதுபத்தி உருட்டிய பெண்களை எந்தச் சங்கமும் எண்ணவில்லை. இன்று லட்சக்கணக்கான பெண்களுக்குத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, இ.எஸ்.ஐ. அட்டை, கேட்டு வாங்க ஒரு தொகை இருக்கிறது. சட்டம் செய்த நன்மை அது. ஆனால் பேச யாருமில்லாதவருக்காக வந்த ஏற்பாடு, ஒரு நகரத்தின் உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்குச் சம்பள விதியாகிவிட்டது. ஆலை வாசலில் தீர்ந்த விஷயம் டெய்ரி சர்க்கிள் பக்கம் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனின் கோப்பில் தீர்கிறது. கோப்பு தூங்கினால் சம்பளமும் தூங்குகிறது. தொகையை உயர்த்த வேண்டும், அது அவசரம். அதோடு, ஒரு ஆலையில் பத்து வருடம் தைத்தவர் அந்தத் தொகையைவிட மேலே கேட்கவும், கேட்டால் வேலை போகாமலிருக்கவும் வழி வேண்டும். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது என்று பார்க்க ஒரு கணக்கு போதும்: அந்தத் தொகையை மட்டுமே வாங்குகிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்களா, கூடுகிறார்களா? பெங்களூரில் இதுவரை கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.