வில்லும் யாழும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் செல்வோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலேற வேண்டும். அங்கே செம்மேட்டில் அவர்களை எதிர்கொள்வது வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அம்மன்னனுக்கு ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அம்மலையில் விழா எடுக்கிறார்கள்.

ஓரியின் வில்லாற்றலைப் பலரும் அறிவர். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆனால் அப்பாடலின் பிற்பகுதியை நாம் அத்துணை நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த வேட்டுவன் யாரென்று அறியாமலே புலவரும் அவருடன் வந்த விறலியரும் யாழும் முழவும் கொண்டு இசைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்தபோது அவ்வீரன் நாணித் தலை கவிழ்கிறான். பின்னர் அவர்களுக்கு உணவளித்து, பொன்னும் மணியும் ஈந்து அனுப்புகிறான்.

அந்த ஓரி போரில் மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான். கொல்லிமலை சேரன் வசமாயிற்று. வில் முறிந்தது, நாடு கைமாறியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவனை நாம் அறிந்திருப்பது, அன்று அவன் கேட்டு மகிழ்ந்த பாணர் மரபின் பாட்டினால் அன்றோ?

படைவீரனின் வாழ்வில் வாளால் பெற்றது மறையலாம். இசையால் தந்தது நிலைக்கும். இவ்வுண்மைக்கு நம் காலத்திற்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. அது மற்றொரு மலைநாட்டில் பிறந்த ஒருவரின் வாழ்வு.

கூர்க்கா வீரர் ராம்சிங்

இமயமலைச் சாரலில், தரம்சாலா என்னும் சிற்றூருக்கு அருகே, 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஒரு கூர்க்கா குடும்பத்தில் ராம்சிங் தாக்குரி பிறந்தார். பள்ளிச் சிறுவனாய் இருந்த வயதிலேயே கூர்க்கா துப்பாக்கிப் படையின் வாத்தியக் குழுவில் சேர்க்கப்பட்டார். துப்பாக்கி ஏந்தக் கற்ற அதே பருவத்தில் மேனாட்டு இசைக் குறியீடுகளைப் படிக்கவும், வயலின் வாசிக்கவும் கற்றார். 1941-இல் அவருடைய படை மலாயாவுக்கு அனுப்பப்பட்டது. ஜப்பானியரிடம் அவர் சிறைப்பட்டார். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

பின்னர் அவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது வரவேற்புப் பாடலை இசைத்தவர் அவரே. நேதாஜி மகிழ்ந்து அவருக்கு வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அப்படையின் நடைப்பாடலான ‘கதம் கதம் படாயே ஜா’வுக்கு இசை அமைத்தவரும் ராம்சிங்தான்.

இங்கே தமிழராகிய நாம் சற்று நிற்க வேண்டும். அப்படையிலும், கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் திரளாகச் சேர்ந்தனர். இந்தி அறியாத பால்மரத் தொழிலாளர் பிள்ளைகளும் அந்தப் பாட்டுக்கு அடியெடுத்து வைத்தார்கள். சொல் விளங்காத இடத்திலும் இசை அவர்களை ஓரணியாக்கியது.

1944-இல் இம்பால் முனையில் அப்படை பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ராம்சிங் மீண்டும் சிறைப்பட்டார்; இம்முறை ஆங்கிலேயரிடம். போர்க்களக் கணக்கில் இது தோல்வியே. ஆயினும் 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது தில்லிச் செங்கோட்டையில் அவருடைய குழு இசைத்தது. அவர் அமைத்த நடைப்பாடல் இந்திய இராணுவத்தில் இன்றும் ஒலிக்கிறது.

1948-இல் உத்தரப் பிரதேச ஆயுதக் காவற்படையில் வாத்தியக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்று, 1974-இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 26 ஆண்டுகள் பணியாற்றினார். போர்க்களத்தில் அவர் நின்ற காலம் சில ஆண்டுகளே. பிறரை இசைக்கப் பழக்கிய காலமோ அதனினும் பன்மடங்கு நீண்டது. 2002 ஏப்ரலில் லக்னோ நகரில் அவர் காலமானார்.

சிறைமுகாமில் ஒரு விசுவாசி

அதே உலகப் போரில், ஐரோப்பாவில் சிறைப்பட்ட கத்தோலிக்க இசைஞர் ஒருவரையும் இங்கு நினைவுகூரலாம். பாரிஸ் நகர்த் திரித்துவ ஆலயத்தின் ஆர்கன் வாத்தியக் கலைஞரான ஒலிவியே மெசியான், பிரெஞ்சுப் படையின் மருத்துவப் பிரிவில் பணியாற்றுகையில் 1940-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். திருவெளிப்பாடு நூலின் காட்சியொன்றைத் தியானித்து அவர் இயற்றிய இசை, 1941 ஜனவரி 15-ஆம் நாள் கடுங்குளிரில் சக கைதிகளின் முன் இசைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் மாணவர்களுக்கு இசை கற்பித்தார். 1992-இல் இறக்கும்வரை அதே ஆலயத்தின் வாத்தியத்தையும் அவர் விட்டகலவில்லை.

போர் மனிதரின் உள்ளத்தை வறளச் செய்யக் கூடியது. அங்கிருந்து திரும்பியவர் பிறர்க்குப் பாடக் கற்றுத் தருவாராயின், அது இறைவன் அவருள் நிகழ்த்திய குணப்படுத்தல் என்றே கொள்ளத்தகும். கவண் எறிந்த தாவீதின் கைதான் யாழையும் மீட்டிச் சவுலின் கலக்கத்தைத் தணித்தது.

நம் பங்கில்

அன்பு வாசகர்களே! ஓய்வு பெற்ற படைவீரர்கள் தமிழகத்தின் எத்தனையோ பங்குகளில் வாழ்கிறார்கள். காலந்தவறாமை, சேர்ந்தியங்கும் பழக்கம், தளராத பயிற்சி ஆகிய மூன்றும் அவர்களிடம் ஊறியவை. ஒரு பாடற்குழுவுக்கு வேண்டியவையும் இம்மூன்றே. அவர்களுள் இசையறிந்தவரும் இருக்கக்கூடும். நாம் கேட்டறிந்திருக்கிறோமா?

பாடற்குழுக்களை ஊக்குவிக்க வேண்டும், இசை பயிற்றுவிப்போரைக் கருத்துடன் உருவாக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலேயே பணித்தது. நடைமுறையில் நிகழ்வது என்ன? முதியவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, சுருதி சேராத சிறுவர்களைப் பொறுமையாய்ப் பழக்குகிறார். பாட்டு நன்றாயிருந்தால் எவரும் வாய் திறப்பதில்லை. ஓரிடத்தில் பிசகினால் ஊரே பேசுகிறது. அவர் மறைந்தபின், அவர் அறிந்திருந்த பழைய மெட்டுகளும் அவருடன் மண்ணில் புதைந்துவிடுகின்றன.

ஓரி பாணரைக் கண்ட இடத்திலேயே சிறப்புச் செய்தான், நாளைக்கென்று தள்ளிவைக்கவில்லை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசலுக்கு விரையாமல், ஆர்மோனியம் இருக்கும் பக்கம் சிறிது நேரம் நில்லுங்கள். முதலில் அவருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, “ஐயா, என் பிள்ளைக்கும் பாடக் கற்றுக்கொடுங்கள்” என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய பரிசு ஓர் ஆசிரியருக்கு வேறில்லை.