ஒரு பல், ஓர் இனமா?

வட அமெரிக்காவின் பனியுகக் குதிரைகளுக்கு இதுவரை 50-க்கும் மேற்பட்ட இனப்பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. உண்மையில் அத்தனை இனங்களா அங்கே மேய்ந்தன? நிச்சயமாக இல்லை. பெயர் வைத்தவர்கள் கையில் பல நேரம் இருந்தது சில பற்கள்தான்.

குதிரைப் பல்லை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. புல்லை அரைத்து அரைத்தே தேயும் நெட்டையான பல் அது. தேயத் தேய, அதன் மேற்பரப்பில் எனாமல் மடிப்புகள் போடும் கோலம் மாறும், அளவும் மாறும். ஒரே இனத்தின் இளங்குதிரைப் பல்லும் கிழட்டுக் குதிரைப் பல்லும் பார்வைக்கு இரண்டு இனம்!

எலும்பும் ஏமாற்றும். யூகான், நெவாடா பகுதிகளில் கிடைத்த மெல்லிய கால் குதிரைகளை ஆசியக் காட்டுக் கழுதையின் உறவு என்றே பலர் கருதினார்கள். எலும்பில் எஞ்சியிருந்த டிஎன்ஏ வேறு சொன்னது. இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் அடங்கும் ‘ஈக்குவஸ்’ பேரினத்திலேயே அவை சேராது, தனிக்கிளை. 2017-இல் ‘ஹாரிங்டன்ஹிப்பஸ்’ என்ற புதுப் பேரினம் பிறந்தது. கனடாவின் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் ஹாரிங்டனைச் சிறப்பிக்கும் பெயர்.

ஆனால் பழைய டிஎன்ஏ நன்றாகத் தங்குவது உறைநிலத்திலும் வறண்ட குகைகளிலும்தான். ஈரமும் வெப்பமும் உள்ள இடங்களில் கிடைத்த குதிரைகளை வகைப்படுத்த, இன்றும் பல்லும் எலும்பும்தான் கதி.