தீவு கற்பிக்கும் பாடம்

பாடசாலை யாருடையது? கட்டடம் கட்டிக் கொடுத்த தர்மவானுடையதா, உபாத்தியாயருக்குச் சம்பளம் அளிக்கும் சர்க்காருடையதா, அன்றி அதில் அமர்ந்து படிக்கும் பிள்ளையுடையதா? இக்கேள்விக்கு இலங்கைத் தீவு ஒருவாறு விடை கண்டது. அவ்விடையில் பொன்னும் உண்டு, மாசும் உண்டு. பாலாற்றங்கரையில் தோல் தொழிலை நம்பி வாழும் நாம் இரண்டையும் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இலங்கை பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதியே. அங்கே 1931இல் வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கிடைத்த ஏழை, அடுத்தபடியாகத் தன் பிள்ளைக்குப் படிப்புக் கேட்டான். அக்காலத்தில் சுதேச பாஷைப் பள்ளிகளில் சம்பளமில்லை. ஆங்கிலப் பள்ளிகளிலோ பணம் கட்ட வேண்டும். உத்தியோகமெல்லாம் ஆங்கிலம் கற்றவருக்கே. ஆகவே, பணமே பிள்ளையின் தலைவிதியை எழுதிற்று. கல்வி மந்திரி கன்னங்கரா இவ்வநீதியை எதிர்த்துப் போராடினார். 1945 அக்டோபர் முதல், பாலர் வகுப்பிலிருந்து சர்வகலாசாலை வரை இலவசக் கல்வி அமுலுக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன.

அப்பாலும் ஒரு சிக்கல் நின்றது. உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் பொதுப் பொக்கிஷத்தினின்று வந்தது; உபாத்தியாயரை நியமிக்கும் அதிகாரமோ மிஷன்களிடமும் தனி ஸ்தாபனங்களிடமும் இருந்தது. 1960, 1961 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் சர்க்கார் அவற்றுட் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் வித்தியாசாலை நிறுவிக் காட்டிய வழியில் எழுந்த சைவப் பள்ளிகளும் கைமாறின. 1980 முதல் பாடப் புத்தகங்களும் இலவசமாயின. இன்று அத்தீவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறிந்தவர்கள். இது பெரும் பேறு.

இனி மாசைக் காண்போம். எல்லோருக்கும் இலவசம் என்ற அதே காலத்தில், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குழந்தைகள் வெளியே நிறுத்தப்பட்டனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவராக்கிற்று. தோட்டப் பள்ளிகளைச் சர்க்கார் ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், சர்வகலாசாலைப் பிரவேசத்துக்குத் தமிழில் எழுதிய மாணவர் அதிக மதிப்பெண் பெற வேண்டுமென்று விதித்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலோ, காகிதமின்றிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருளின்றிப் பள்ளிகள் மூடப்பட்டன. சர்க்கார் வசமானதால் மட்டும் பள்ளி பொதுப் பள்ளி ஆகிவிடாது. சர்க்கார் யாரைப் பிரஜையென்று எண்ணுகிறதோ, அவனுக்கே அது பொது.

நம் பிரதேசத்துக்கு வருவோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் கல்வியை வளர்த்ததில் தோல் வர்த்தகருக்கும் மிஷன்களுக்கும் பெரும் பங்குண்டு. வாணியம்பாடியின் இசுலாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. அந்தத் தர்மத்தை நாம் வணங்குகிறோம். சிறுபான்மையோர் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையை நமது அரசியல் சட்டத்தின் 30ஆம் ஷரத்து காக்கிறது. ஆதலால் இலங்கை செய்தவாறு பள்ளிகளைப் பறிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அங்கிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று: படிப்பு தொடக்கமுதல் முடிவுவரை பிள்ளையின் உரிமை என்னும் கொள்கை.

இங்கே அவ்வுரிமை பாதியில் அறுபடுகிறது. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 2022இல் வந்த காலைச் சிற்றுண்டியும் பசியைத் தணிக்கின்றன. ஆனால் 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் காக்கும். தகப்பன் தோல் ஷாப்பிலும் தாய் ஷூ கம்பெனியிலும் கூலி பெறும் வீட்டில், சோதனை ஆரம்பிப்பதே அந்தப் பதினான்கில்தான். வீட்டில் ஒருவர் நோயுற்றாலும், கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தாலும், முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. எந்த வயதில் கூலியின் ஆசை வலுக்கிறதோ, அந்த வயதிலே சட்டம் கையை விடுவது என்ன நியாயம்?

நாம் கேட்பவை மூன்று. சட்டத்தின் பாதுகாப்பு 18 வயது வரை நீளட்டும். ஏற்றுமதியால் செழித்த வர்த்தகர்கள், புதுக் கட்டடத்தில் தம் பெயரைப் பொறிப்பதோடு நில்லாமல், தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பத்துப் பிள்ளையும் பள்ளியிறுதி வரை படிப்பதைத் தம் பொறுப்பாகக் கொள்ளட்டும். மூன்றாவது, நேயர்களே, உங்களுக்கு. சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருடையதென்றும், பாதிப்பேர் பெண்களாதல் வேண்டுமென்றும் அதே சட்டம் கூறுகிறது. அக்கூட்டங்களுக்குத் தொழிலாளிப் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

மேடையேறித் தேசம் தேசமென்று முழங்குவது எளிது. ஒன்பதாம் வகுப்பில் காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தை மீண்டும் நிரப்புவது கடினம். அக்கடினமான காரியத்தைச் செய்பவனே தேசத் தொண்டன் என்போம்.