மூச்சை இழுத்தால் மூளை நீர் ஏறும்

இருமல் வந்தால் சிலர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி மூட்டையைத் தூக்கும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் தலை 'விண்'ணென்று தெறிக்கிறது என்பார்கள். இருமுவது நெஞ்சு. தலை ஏன் வலிக்க வேண்டும்?

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று இடம்விட வேண்டும். பெரியவர்களுக்கு இந்த நீர் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான், ஒரு சின்னக் குவளை அளவு. ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இதில்தான் மிதக்கிறது.

இந்த நீரை அசைப்பது இதயத் துடிப்பே என்று நெடுங்காலம் கருதினார்கள். அது பொய்யில்லை. ஆனால் 2015இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள், உடனுக்குடன் படம் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியில் நலமாக உள்ளவர்களைப் படுக்கவைத்து, ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார்கள். இழுத்த ஒவ்வொரு முறையும் நீர் பெரிதாக நகர்ந்தது. மூச்சை அடக்கியதும், துடிப்புக்கேற்ற சிற்றசைவு மட்டுமே மிஞ்சியது.

காரணம் எளிது. மூச்சிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. உடனே கழுத்துச் சிரைகளில் உள்ள இரத்தம் இதயத்தை நோக்கி உறிஞ்சப்படுகிறது. தலைக்குள் காலியான இடத்தை நிரப்ப, முதுகுத்தண்டிலிருந்து நீர் மேலே ஏறுகிறது.

இருமும்போது நடப்பது வேறு. நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. தலையிலிருந்து இரத்தம் இறங்க வழியில்லை. முதுகுத்தண்டைச் சுற்றிய சிரைகளும் உப்பி, நீரை மேலே தள்ளுகின்றன. பெட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது.

ஆழ்ந்த மூச்சு மூளையின் கழிவைக் கழுவிவிடும் என்று சிலர் இதை வைத்தே பேசுகிறார்கள். நீர் நகர்வது வேறு, நோய் தீர்வது வேறு. அது நிரூபிக்கப்படவில்லை.

சிலருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் கீழ்த்துளை வழியே சற்று இறங்கி, நீரின் பாதையை அடைத்திருக்கும். இருமினாலோ முக்கினாலோ பின்தலையில் சுரீரென்று வலி வந்து, சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் பனடோல் விழுங்கிச் சமாளிக்காதீர்கள். "இருமினால்தான் வலிக்கிறது" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.