பானட்டுக்கு அடியில் பிடித்த தீ

சாவியை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர் தூங்கப் போன பிறகு, நிறுத்திவைத்த வண்டி தானாகப் பற்றி எரியுமா? அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருந்த சிலருக்கு அப்படித்தான் ஆனது.

1990களில் வந்த பல ஃபோர்டு வண்டிகளில், பிரேக் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிப் பெருவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிரேக்கை அழுத்தியதும் க்ரூஸ் கண்ட்ரோலை நிறுத்துவது அதன் வேலை. உள்ளே ஒரு மெல்லிய படலம். அதற்கு இந்தப் பக்கம் பிரேக் ஆயில், அந்தப் பக்கம் மின்சாரம். நாளடைவில் படலத்தில் விரிசல் விட்டால் ஆயில் மின்முனைகளில் கசிந்து, அரித்து, சூடேறி, பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். மேற்கொண்டு எரிய ஆயில் பக்கத்திலேயே இருக்கிறது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் சுவிட்ச்சுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருந்ததுதான் வினை. 1999 முதல் 2009 வரை பல கட்டங்களில் ஃபோர்டு திரும்ப அழைத்த வண்டிகள் சுமார் 1.4 கோடி. அவற்றுக்குச் செய்த வைத்தியமோ, ஃபியூஸ் வைத்த ஒரு சின்ன வயர் துண்டு!

எரிந்த பிக்கப்பைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் சரிசெய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். பழைய எஃப்-150-இன் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. பானட்டுக்குள் பிடிக்கும் தீ பெரும்பாலும் அதை ஒன்றும் செய்யாது. மேலே இருக்கும் அலுமினியப் பாகங்கள் அப்படியல்ல. 660 டிகிரி செல்சியஸில் அலுமினியம் உருகிவிடும், அதற்கு முன்பே கோணிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரிந்த சேதம் சுலபம். நெளிந்த பானட்டை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். ஏமாற்றுவது வயரிங்தான். மேலுறை கருகாமல், பார்க்கப் புதிதுபோலவே இருக்கும் வயரை மெக்கானிக் விரலில் வளைத்துப் பார்ப்பார். மொறமொறவென உடைந்தால் அது உள்ளுக்குள் வெந்துபோனது. பி.வி.சி. எரிந்த புகை ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, தீ எட்டாத கனெக்டர்களையும் பச்சை பூக்க வைக்கும். தீயணைக்கத் தெளித்த பவுடரும் சாது அல்ல; ஈரம் பட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும். எனவே முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது, அடுத்தது பவுடரைச் சுத்தமாக நீக்குவது. கருகிய இடத்தை மட்டும் வெட்டி டேப் சுற்றுவது அடுத்த தீக்கு அச்சாரம் கொடுப்பதுதான்.

எப்படியும் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று, அப்படியே தரத்தையும் உயர்த்திவிடுவது புத்திசாலித்தனம். 1980களின் கடைசியில் வந்த ஃபோர்டுகளில் ஆல்டர்னேட்டரின் மொத்தக் கரண்டும் ஒரு சொருகு கனெக்டர் வழியாகப் போகும். அது தளர்ந்து சூடாகி உருகுவது பிரசித்தம். அதற்குப் பதிலாக, பின்னால் வந்த 3ஜி ரகத்தை மாட்டுகிறார்கள். 95 அல்லது 130 ஆம்பியர், நட்டு போட்டு முடுக்கும் இணைப்பு. கூடவே தடித்த கேபிளும் அதற்கேற்ற ஃபியூஸும் கட்டாயம். ஹெட்லைட் கரண்டு முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியே ஓடுவதைத் தவிர்க்க ரிலே போடுவது மலிவான, ஆனால் உருப்படியான வேலை.

பெட்ரோல் ஹோஸில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே, ஃபியூயல் இன்ஜெக்‌ஷனில் சுமார் 40. கார்புரேட்டர் ஹோஸை இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போட்டால், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும் நாள் வரும். போதாக்குறைக்கு, அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

செலவுக் கணக்கில் பலரும் மறப்பது காகித வேலையை. இன்சூரன்ஸ் நிறுவனம் 'முழு நஷ்டம்' என்று எழுதிவிட்டால், பல மாநிலங்களில் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் அது முத்திரையாக ஏறிவிடும். பழுது பார்த்து, சோதனையில் தேறினால் மீண்டும் சாலையில் ஓட்டலாம். விற்கும்போது மட்டும் விலை கணிசமாகக் குறையும்.